தம் கட்டப் பழகியவர்களுக்கு ஸ்கூபா: கிருஷ்ணகிரி மாவட்ட இளைஞர் குழு ஒன்றின் பயிற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் ஒரு பையன் நீச்சல் கற்கிறான் என்றால், முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு, அண்ணனோ சித்தப்பாவோ மேலே நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்க, தோட்டத்துக் கிணற்றுக்குள் இறங்குகிறான் என்று பொருள். ஒரு கோடைக்குள் கேன் கழன்றுவிடும். அடுத்த கோடையில் மோட்டார் மேடையிலிருந்து குதிப்பான். அதற்கடுத்த ஆண்டு அடித்தரை வரை முங்கி, ஒரு பிடி சேற்றை எடுத்து வந்து மேலே நிற்பவர்களிடம் காட்டுவான். யார் அதிக நேரம் தம் கட்டுகிறார் என்பதே அங்கே போட்டி. இப்படி வளர்ந்த இளைஞர்களைக் கடலுக்கு அழைத்துச் சென்று, சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்குள் செல்லும் ஸ்கூபா டைவிங்கில் பயிற்சியும் சான்றிதழும் பெறச் செய்வது எளிய வேலை என்றே நானும் எண்ணியிருந்தேன். ஒரு குழுவுடன் ஓராண்டு உடனிருந்து பார்த்தபின், அந்தத் தம் கட்டும் திறமைதான் அவர்கள் முதலில் கழற்றி வைக்க வேண்டிய சுமை என்பதைத் தெரிந்துகொண்டேன். எங்கள் மாவட்டத்தைப் போன்ற கடலில்லா மேட்டு நிலத்தில் இத்தகைய முயற்சியைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் முக்குளிப்புப் பயிற்றுநர் அல்லன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். எங்கள் வட்டார இளைஞர் மன்றத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவன். குழுவில் 14 பேர் இருந்தனர். 15 முதல் 21 வயது வரையிலான 9 ஆண்களும் 5 பெண்களும். பெரும்பாலோர் காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைப் பக்கத்தவர்; மூவர் தளியிலிருந்து வந்தவர்கள். அந்த மூவரின் ஊர், பின்னர் பயணத்திட்டத்தையே மாற்றியது.

முந்தைய ஆண்டின் தவறு

இந்தக் குழு உருவாவதற்கு முந்தைய ஆண்டு, மே மாதச் சுற்றுலாவாக 6 பேரைக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த ஒரு நிறுவனத்தில் 'ஸ்கூபா அனுபவம்' என்ற பெயரில் முன்பதிவு செய்தோம். படகிலேயே கால் மணி நேரம் விளக்கம் தந்தார்கள். உடல்நலம் குறித்த தாளில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்திடச் சொன்னார்கள். பின்னர் ஒவ்வொருவராக இறக்கி, ஊழியர் ஒருவர் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கீழே கொண்டு சென்றார். மூன்றாவதாக இறங்கிய பையனுக்கு இரண்டு நாளாகச் சளி இருந்தது. காது அடைக்கிறது என்பதற்கான சைகை அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே வழியான பொறுத்துக்கொள்வதைச் செய்தான். மேலே வந்து மாஸ்கைக் கழற்றியபோது கண்ணாடியின் அடிப்பகுதியில் தண்ணீருடன் கலந்து ரத்தம் நின்றது. செவிப்பறை கிழியவில்லை, மூக்கின் உட்பக்கத்திலிருந்து வந்த ரத்தம்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. அந்தத் தாளில் அவன் 'இல்லை' என்று குறித்தபோது அருகில் நின்றவன் நான். சளி இருப்பது எனக்கும் தெரியும்.

அனுபவ முக்குளிப்பும் பயிற்சியும் வேறு வேறு என்பதை அந்த நாள்தான் எங்களுக்குக் காட்டியது. அனுபவ முக்குளிப்பு முறையாக நடந்தால் தவறானதன்று, உலகெங்கும் நடக்கிறது. ஆனால் அதில் பொறுப்பு முழுவதும் அழைத்துச் செல்பவரின் கையில் இருக்கிறது. பயிற்சியில் அந்தப் பொறுப்பு படிப்படியாகக் கற்பவரின் கைக்கு வருகிறது. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கான சான்றிதழை அரசு வழங்குவதில்லை. பயிற்சி அமைப்புகளே வழங்குகின்றன. 1959இல் தோன்றிய சி.எம்.ஏ.எஸ்., 1966இல் தோன்றிய பி.ஏ.டி.ஐ., 1970இல் தோன்றிய எஸ்.எஸ்.ஐ. ஆகியவை அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. நாங்கள் சென்ற வழி பி.ஏ.டி.ஐ. அமைப்பினுடையது. அதன் தொடக்கநிலைச் சான்றிதழான 'ஓப்பன் வாட்டர் டைவர்' பெறுவதற்குப் பாடப் படிப்பு, நீச்சல் குளம் போன்ற அடங்கிய நீரில் 5 பயிற்சிகள், திறந்த நீரில் 4 முக்குளிப்புகள், நேர வரம்பின்றி 200 மீட்டர் நீச்சல், பிடிமானமின்றி 10 நிமிடம் மிதத்தல் ஆகியவை வேண்டும். முடித்தவர் துணையாள் ஒருவருடன் 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். 10 வயதிலேயே இளையோர் சான்றிதழ் பெற வழியுண்டு. ஆயினும் 10, 11 வயதினருக்கு 12 மீட்டர் வரம்பும், 15 வயது நிறையும் வரை பெரியவர் துணையும் கட்டாயம். பிள்ளைகளுடன் நீருக்குள் இறங்கத்தக்க சான்றிதழ் பெற்ற பெற்றோர் ஒருவர்கூட எங்கள் ஊரில் இல்லாததால், 15 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். பன்னிரண்டு வயதுத் தம்பிகள் பலர் வருத்தப்பட்டார்கள். அந்த முடிவை இன்றும் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

கடலுக்கு முன் ஊரில்

முதலில் செய்தது மருத்துவப் பரிசோதனை. முக்குளிப்போருக்கான உடல்நலக் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், ஒவ்வொரு பெற்றோருடனும் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டி நிரப்பினோம். தாளை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தால் வெளிவந்திருக்காத இரண்டு செய்திகள் அப்போது வெளிவந்தன. ஒரு மாணவருக்கு மழைக்காலத்தில் இழுப்பு வந்து, வீட்டில் இன்ஹேலர் இருந்தது. பெண் பார்க்கும் காலத்தில் பேச்சாகிவிடும் என்று மூத்த மகளின் திருமணத்தை எண்ணிக் குடும்பமே அதை மறைத்து வைத்திருந்தது. இன்னொருவருக்குச் சிறுவயதில் காதில் சீழ் வடிந்த வரலாறு. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தபோது செவிப்பறையில் ஓட்டை இருந்தது. இருவரையும் நீருக்குள் அனுப்பவில்லை. காதில் ஓட்டை இருந்தவர் குழுவை விட்டுப் போகாமல், கரையில் நேரமும் சிலிண்டர் அழுத்தமும் குறிக்கும் பதிவாளராக இறுதிவரை இருந்தார். அவருடைய நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் இந்த ஆய்வை எழுதியிருக்க முடியாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கே உரிய ஒரு கேள்வியும் எழுந்தது. நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடால் பற்களில் பழுப்புக் கறை படிந்தவர்கள் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வருவதற்கு முன் ஆழ்குழாய்த் தண்ணீரையே குடித்து வளர்ந்த நான்கு பேர் குழுவில் இருந்தனர். சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவியான ரெகுலேட்டரின் ரப்பர் வாய்ப்பகுதியைப் பற்களால் கடித்துப் பிடிக்க வேண்டுமே, பல் தாங்குமா என்று ஒரு தாய் கேட்டார். உதடுகள் மூடிப் பிடித்துக்கொள்ள, பல் லேசாகப் பற்றினாலே போதும் என்று பல் மருத்துவர் விளக்கிய பிறகே அவர் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார்.

கட்டணம் பெரிய தடையாக இருந்தது. ஒருவருக்கு ஆகும் மொத்தச் செலவு ஒரு சுமாரான கறவை மாட்டின் விலைக்கு நிகரானது. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் ஜூன், ஜூலை மாதங்களில் மாங்கூழ் ஆலைகளில் வேலைக்குச் சென்று தங்கள் பங்கில் பாதியைச் சேர்த்தார்கள். மீதியை மன்றம் திரட்டியது. முழுவதையும் இலவசமாகத் தரலாம் என்று முன்வந்தவர்களிடம் நாங்கள் வேண்டாம் என்றோம். தன் கூலியைப் போட்ட பிள்ளை பாடத்தைத் தவறவிடுவதில்லை.

பாடப் பொருள் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எடுத்துச் சொல்வது என் பங்கு. அழுத்தம் கூடினால் காற்றின் கன அளவு சுருங்கும் என்னும் பாயில் விதி பதினோராம் வகுப்பு வேதியியலிலேயே வருகிறது, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் தங்கள் நுரையீரலுக்கும் அது பொருந்தும் என்று ஒருவரும் நினைத்ததில்லை. ஆகவே ஊத்தங்கரைச் சாலையோரத் தோட்டம் ஒன்றில், நல்ல மழைக்குப் பின் நீர் நிறைந்திருந்த கிணற்றுக்குப் போனோம். ஒரு லிட்டர் கண்ணாடிச் சீசாவின் உட்புறம் முழுவதும் கோலமாவு ஒட்டும்படி பூசி, கல்லைக் கட்டி, வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, நீர்மட்டத்திலிருந்து 30 அடி ஆழத்துக்குக் கயிற்றில் இறக்கினோம். மேலே இழுத்துத் துடைத்துப் பார்த்தால், சீசாவின் பாதி உயரம் வரை மாவு கரைந்திருந்தது. மேல்பாதியில் உலர்ந்த மாவு அப்படியே இருந்தது. 30 அடி ஆழத்தில் சீசாவுக்குள் இருந்த காற்று பாதியாகச் சுருங்கியிருக்கிறது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. சீசா மேலே வந்தபோது காற்று மீண்டும் விரிந்து பழைய அளவுக்கு வந்துவிட்டது.

பிறகு கேட்டேன்: தம் கட்டி முங்குகிறவனின் நெஞ்சுக்குள் நடப்பதும் இதுதானே? ஆம். மேலே எடுத்த மூச்சு கீழே சுருங்குகிறது, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது, எதுவும் கிழிவதில்லை. ஸ்கூபாவில் நிலைமை வேறு. ரெகுலேட்டர், அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு ஈடாகக் காற்றைத் தருகிறது. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரு மடங்காக விரிய முயலும். நுரையீரலுக்கு அவ்வளவு இடமில்லை. ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலிருந்து இப்படி வந்தால்கூட நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் கலக்கக்கூடும். எனவேதான் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது ஸ்கூபாவின் முதல் விதியாக இருக்கிறது. அன்று மாலை கிணற்று மேட்டில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பத்து ஆண்டுகளாக அவர்கள் பெருமையாகச் செய்துவந்தது எதுவோ, அதையே செய்யக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

குளத்தில்

தருமபுரியில் உள்ள ஒரு நீச்சல் குளத்தை வார இறுதிகளில் காலை நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீச்சல் மட்டும். குழுவின் 5 பெண்களில் 4 பேருக்கு நீச்சல் தெரியாது. பெரிய பெண்ணான பிறகு கிணற்றில் இறங்க விடுவதில்லை என்பதால், அண்ணன் தம்பிகள் நீந்தக் கரையில் நின்று துணி துவைத்தவர்கள் அவர்கள். அம்மாக்கள் உடன் வரலாம், பெண் பயிற்றுநர் ஒருவர் இருப்பார், கடலில் அணியும் வெட்சூட் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் என்ற மூன்றையும் முன்கூட்டியே சொன்னதால் எந்த வீட்டிலும் மறுப்பு வரவில்லை. மூன்று மாதத்தில் நால்வரும் 200 மீட்டரை முடித்தார்கள்.

ஆகஸ்டு இறுதியில் புதுச்சேரியிலிருந்து பயிற்றுநர்கள் கருவிகளுடன் வந்தார்கள். முதல் நாள், எட்டடி ஆழத்தில் முழங்காலிட்டு ரெகுலேட்டரில் மூச்சு விடுவது மட்டுமே வேலை. கரையில் நின்று பார்த்தால் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் குமிழிகள் கொத்துக் கொத்தாக எழுவது தெரியும். ஒரு தலைக்கு மேல் மட்டும் வெகுநேரம் ஒன்றும் எழவில்லை, பிறகு ஒரு பெருங்கொத்து, மீண்டும் அமைதி. அவர் எங்கள் பகுதியின் கிணறுகளில் பெயர்பெற்ற முங்கு நீச்சல்காரர், 19 வயதுக் கல்லூரி மாணவர். இருபது நிமிடம் கழித்து அழுத்தமானியைப் பார்த்தபோது, 200 பார் என்ற அழுத்த அளவில் தொடங்கிய மற்றவர்களின் சிலிண்டர் 150 அளவில் நிற்க, அவருடையது 180இல் நின்றது. அவர் முகத்தில் வென்றவரின் மகிழ்ச்சி இருந்தது. பயிற்றுநர் அதைப் பாராட்டவில்லை. மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவதால் கரியமில வாயு உடலில் தேங்குகிறது, மாலையில் தலை வலிக்கும் பார் என்றார். பேருந்தில் திரும்பும்போது அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சன்னலில் சாய்ந்திருந்தார்.

அடுத்த இரண்டு அமர்வுகளிலும் அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். புரிந்தது, உடல் கேட்கவில்லை. தலை நீருக்குள் போனதும் தொண்டை தானாகவே பூட்டிக்கொண்டது. கடைசியில் வழி கண்டது எங்கள் குழுவின் ஒரு மாணவி. "பாட்டி கதை சொல்றப்ப ம் கொட்டுவோமில்ல அண்ணா, அந்த மாதிரி ஒவ்வொரு மூச்சுக்கும் ம் கொட்டிக்கிட்டே இருங்க" என்றாள். ம் என்று ஒலிக்க வேண்டுமானால் காற்று வெளியே போயாக வேண்டும். ஒலி நின்றால் மூச்சு நின்றது என்று பொருள். நீருக்குள் அந்த ஒலி அருகில் இருப்பவருக்கும் கேட்கும். ரெகுலேட்டர் வாயை விட்டு விலகிய நேரங்களில் 'ஆ' என்று மெல்ல ஒலித்துக் குமிழி விடச் சொல்வது பயிற்சியில் ஏற்கெனவே உள்ள முறைதான். ஆனால் அது அவருக்கு ஒரு கட்டளையாகவே இருந்தது. ம் கொட்டுவது பழக்கமாக ஏற்கெனவே உடலில் இருந்தது. நான்காவது அமர்வில் அவர் குமிழிகள் சீராக எழுந்தன. கிணற்றில் பழகிய மற்ற ஐவருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தோம்.

நீச்சலே தெரியாமல் வந்த நான்கு பெண்களுக்கு இந்தத் தொல்லை ஒருவருக்கும் இல்லை. அவர்களுடைய சிக்கல் மாஸ்கிற்குள் தண்ணீர் புகுவது. மூக்கில் நீர் பட்டதும் எழுந்துவிடுவார்கள். அதற்கு வீட்டில் வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி, வாயால் மட்டும் மூச்சுவிடப் பழகிக்கொண்டார்கள்.

சைகை மொழியில் ஒன்று எல்லோரையும் தடுமாறச் செய்தது. கட்டைவிரலை உயர்த்தினால் நமக்குச் 'சூப்பர்' என்று பொருள். நீருக்குள் அதற்கு 'மேலே போவோம்' என்று பொருள். நலமா என்று பயிற்றுநர் கேட்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் மகிழ்ச்சியுடன் கட்டைவிரலைக் காட்ட, அவர் உடனே மேலே அழைத்து வந்துவிடுவார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்ப்பதை, செப்டம்பர் முழுவதும் பள்ளி வளாகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒருவரையொருவர் பார்க்கும்போதெல்லாம் காட்டிப் பழகினார்கள்.

குளத்தோடு ஒருவர் தாமாக விலகிக்கொண்டார். காரணம் கேட்டோம், பயமாக இருக்கிறது என்றார். அதற்கு மேல் யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

புதுச்சேரிக் கடலில்

வடகிழக்குப் பருவமழைக்கு முன், காலாண்டுத் தேர்வு விடுமுறையில் 11 பேர் புறப்பட்டோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. தளியிலிருந்து வந்த மூவரில் இருவர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முந்தைய நாள் மாலை அவர்களைக் கரையில் ஒரு மணி நேரம் சும்மா நிற்க விட்டோம். உப்பு நீர் உதட்டில் படுவதற்கும் அலை காலை இழுப்பதற்கும் பழகட்டும் என்பதற்காக.

விதிப்படி ஒரு பயிற்றுநர் திறந்த நீரில் 8 மாணவர் வரை அழைத்துச் செல்லலாம். எங்களுக்கு மூன்று பயிற்றுநர்கள். ஒருவருக்கு நால்வருக்கு மேல் வேண்டாம் என்று முன்பே பேசிக்கொண்டோம். முதல் நாள் நீரின் தெளிவு ஐந்து மீட்டருக்கு மேல் இல்லை; எண்மரைக் கூட்டிச் சென்றிருந்தால் கடைசி ஆள் கண்ணுக்கே தெரிந்திருக்க மாட்டார். படகில் மூவருக்கு வாந்தி வந்தது. உப்பு நீரில் உடல் கூடுதலாக மிதப்பதால் குளத்தில் போட்ட எடை போதவில்லை. வெட்சூட்டும் சேர்ந்ததால் இடுப்புப் பட்டையில் ஏறத்தாழ 2 கிலோ கூட்ட வேண்டியிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன்செய்ய வேண்டும். முதல் இரண்டு முக்குளிப்புகளுக்கு 12 மீட்டர் வரம்பு.

அந்த 19 வயது மாணவரின் இணையாக இறங்கியவர் பின்னர் சொன்னதைப் பதிவாளர் எழுதி வைத்திருக்கிறார்: மணல் தரையில் முழங்காலிட்டதும் சுற்றிலும் பச்சை இருட்டாக இருந்தது, பக்கத்தில் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, அதனால் எனக்கும் பயம் போயிற்று.

16 வயது மாணவி ஒருவருக்கு 5 மீட்டரில் இடது காது சமனாகவில்லை. காதைக் காட்டிக் கையை அசைத்தார். பயிற்றுநர் ஒரு மீட்டர் மேலே அழைத்து வந்து மீண்டும் முயன்றார், மூன்று முறை. பிறகு மேலே வந்துவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. முந்தைய ஆண்டு மாஸ்கிற்குள் ரத்தத்தைக் கண்ட எனக்கு, அந்தப் பெண் கையை அசைத்ததுதான் இந்த ஓராண்டின் மிகப் பெரிய தேர்ச்சியாகப் பட்டது. இரண்டு நாள் முடிவில் 8 பேர் ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்குத் தகுதி பெற்றனர். கடல் மயக்கத்தால் இரண்டு முக்குளிப்புகளுடன் நிறுத்திக்கொண்ட 2 பேருக்கு, தொழில்முறையாளர் உடனிருக்க 12 மீட்டர் வரை செல்ல அனுமதிக்கும் 'ஸ்கூபா டைவர்' சான்றிதழ் கிடைத்தது. காது சமனாகாத மாணவிக்கு எதுவும் இல்லை.

மேட்டுக்குத் திரும்பும் வழி

இந்த ஆய்வில் நான் மிகுதியும் வலியுறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான். ஆழத்தில் உயரழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்தபின் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அது தீருமுன் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குச் சென்றால், மூடி திறந்த சோடாவைப் போல உடலுக்குள் குமிழி கட்டி, மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடும். ஆகவே டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல், ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல முக்குளிப்புகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருந்த பிறகே விமானம் ஏறச் சொல்கிறது. எல்லோரும் இதை விமானத்துக்கான விதியாகவே மனத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது கணக்கில் கொள்வது ஏறத்தாழ 600 முதல் 2400 மீட்டர் உயரத்துக்கு ஈடான காற்றழுத்தத்தை. கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டரிலும், தளி ஏறத்தாழ 1000 மீட்டரிலும் உள்ளன. உடலுக்கு விமானம் என்றும் வேன் என்றும் வேறுபாடு தெரியாது.

எங்கள் கடைசி முக்குளிப்பு ஞாயிறு காலை 11 மணிக்கு முடிந்தது. வேனைப் பிற்பகல் 2 மணிக்குச் சொல்லியிருந்தோம். "ராத்திரி பத்துக்குள்ள தளியில இறக்கிடுவேன் சார், எதுக்கு ஒரு நாள் வாடகை?" என்று ஓட்டுநர் நல்லெண்ணத்துடன்தான் கேட்டார். 11 மணி நேரத்தில் மூவர் 1000 மீட்டர் உயரத்தில் இருந்திருப்பார்கள். முந்தைய இரவு வகுப்பில் கணக்கைப் போட்டுக் காட்டியபோது தளி மாணவர் ஒருவரே இதைக் கண்டுபிடித்துக் கேட்டார். நான் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைக்காரர்களை அன்றே அனுப்பியிருக்கலாம். அந்த உயரம் வழிகாட்டுதலின் எல்லைக்குக் கீழேதான். ஆயினும் இரண்டு வண்டிக்கு வழியில்லாததால் எல்லோரும் அன்றிரவு தங்கினோம். கூடுதல் செலவை மன்றத்தின் பொங்கல் விழா நிதியிலிருந்து எடுத்தோம். அதற்காகக் கூட்டத்தில் கடுமையான பேச்சையும் கேட்டுக்கொண்டோம். திங்கட்கிழமை காலை 6 மணிக்குப் புறப்பட்டு, செஞ்சியில் சாப்பிட்டு, நண்பகலில் கிருஷ்ணகிரி சேர்ந்து, அதன்பின் இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை வழியாகத் தளி மாணவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வார இறுதியில் கடலில் முக்குளித்துவிட்டு ஞாயிறு மாலையே காரில் பெங்களூரு திரும்புகிறவர்களும் 900 மீட்டர் மேட்டுக்குத்தான் ஏறுகிறார்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து இளைஞர்களை அழைத்துச் செல்லும் எவரும் கடைசி முக்குளிப்பையும் திரும்பும் வண்டியையும் ஒரே தாளில் எழுதித் திட்டமிட வேண்டும்.

இதே காரணத்தால்தான், கிருஷ்ணகிரிக்கு அருகில் உள்ள கே.ஆர்.பி. அணையிலேயே பயிற்சி தரலாமே என்ற யோசனையையும் ஏற்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உள்ள நீர்நிலையில் முக்குளிக்க உயரத்திற்கேற்ற தனிக் கணக்கு வேண்டும். அதைவிட, 52 அடி அணையின் கலங்கிய நீரில் கை நீட்டினால் விரல் தெரியாது. அடியில் மீன்வலைகள் கிடக்கின்றன. மதகருகே இழுப்பு உண்டு.

சான்றிதழ் வந்த பிறகு

நவம்பரில், ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனார். உடலை எடுக்க வேண்டும் என்று உறவினர்கள் நேராகச் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்று பிடித்துக் கொடுக்கிறோம் என்றார் ஒருவர். மருத்துவமனை ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்பாடு செய்கிறேன் என்றார் இன்னொருவர். முதலாவதில் எண்ணெய் ஆவியும் கார்பன் மோனாக்ஸைடும் கலந்திருக்கும். இரண்டாவது, தூய ஆக்ஸிஜன் என்பதால், 6 மீட்டர் ஆழத்திலேயே வலிப்பை உண்டாக்கக்கூடும். கிணற்றில் மோட்டார் வயரும் கயிறும் சிக்கும், பார்வை இல்லை, ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இவற்றில் எதற்கும் பயிற்சி தருவதில்லை. ஊர்க் கிணற்றிலோ அணையிலோ இறங்குவதில்லை என்று பயிற்சி தொடங்குமுன்பே அனைவரும் பெற்றோருடன் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் வரும்வரை, அந்த வீட்டாரின் கண்ணீருக்கு எதிரில் நின்று முடியாது என்று சொல்ல அந்தத் தாள்தான் துணை செய்தது. சில வீடுகள் எங்களுடன் இன்னும் பேசுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நீரில் மூழ்கி உலகில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. ஸ்கூபா கற்றுத் தந்தால் இத்தகைய சாவுகள் குறையும் என்று நிதி தந்தவர்களில் சிலர் நம்பினார்கள். அது சரியான எதிர்பார்ப்பு அன்று. அந்தப் பணியைச் செய்வது நீச்சலும், கிணற்று மேட்டில் எப்போதும் கிடக்கும் ஒரு கயிறும் காலிக் கேனும்தான். எங்கள் எண்மரும் இப்போது பள்ளிகளுக்குச் சென்று, மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதிக்காமல் கேனையும் கயிற்றையும் வீசக் கற்றுத் தருகிறார்கள். ம் கொட்டும் மாணவர் மட்டும் இதையே தொழிலாகக் கொள்ள விரும்பிப் புதுச்சேரியில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார். முக்குளிப்போரை வழிநடத்தும் தொழில்நிலைத் தகுதியான டைவ்மாஸ்டர் பயிற்சியில் சேர 40 முக்குளிப்புகளும், முடிக்க 60 முக்குளிப்புகளும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவரிடம் இப்போது 23 இருக்கின்றன.

காது சமனாகாத மாணவியைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பரிசோதித்து, ஒவ்வாமையால் வந்த சளியடைப்பு என்று கூறி மருந்து தந்திருக்கிறார். குளத்தில் அவர் முடித்த பயிற்சிகளுக்கான பரிந்துரைத் தாள் 12 மாதம் செல்லும். பிப்ரவரியில் கடல் தெளியும்போது அவரும் அவருடைய அம்மாவும் மீண்டும் புதுச்சேரிக்குப் போகிறார்கள். திரும்பும் பேருந்துக்கு மறுநாள் காலை என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.